ஒரே லைன், இரண்டு பேர்

1996-ல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் நான் வாங்கிய முதல் கார், யாரோ ஓட்டி விற்ற, ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ ப்ரிஸம். அதே மாதம் என் அறைத்தோழன் ஒரு பழைய டொயோட்டா கொரோலா வாங்கினான், என்னைவிடக் கணிசமாகக் கூடுதல் விலைக்கு. "ஜப்பான் வண்டிடா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். உன்னோடது அமெரிக்கன், பார்த்துக்கோ" என்றான்.

அவன் வண்டியின் கதவைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியிருந்த அடையாள எண்ணைக் காட்டினேன். ஜப்பானில் செய்ததென்றால் அது 'ஜே' எழுத்தில் தொடங்கும். அவனுடையது 1-ல் தொடங்கியது, என்னுடையதும் அப்படியே. இரண்டுமே நாங்கள் குடியிருந்த ஊரில், ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை.

அந்தத் தொழிற்சாலை முதலில் ஜெனரல் மோட்டார்ஸுடையது. அங்கே ஒரே சட்டம்: லைன் நிற்கக் கூடாது. தப்பாகப் பூட்டிய பாகத்தோடே வண்டி நகரும். வெளியே போய் வரிசைகட்டி நிற்கும். பிறகு பிரித்துச் சரிசெய்வார்கள். வேலைக்கு மட்டம் போடுவோர் ஏராளம். 1982-ல் இழுத்து மூடினார்கள். தொழிலாளி சரியில்லை என்பதே ஊர்ப்பேச்சு.

ஜப்பான் வண்டிக்கும் எடுத்த எடுப்பில் நல்ல பேர் கிடைத்துவிடவில்லை. 1957-ல் டொயோட்டா கொண்டுவந்த டொயோபெட் கிரவுன், அமெரிக்க நெடுஞ்சாலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. சில வருடங்களில் திரும்பப் போனது. ஆனால் 1973-ல் பெட்ரோல் விலை ஏறி, மக்கள் சின்ன வண்டி தேடியபோது ஜப்பான் தயாராக இருந்தது. அமெரிக்கா அதற்கென்று செய்த செவர்லே வேகாவோ துருப்பிடித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

1984-ல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக ஃப்ரீமான்ட் ஆலையை மறுபடி திறந்தன. பெயர் 'நம்மி'. ஆட்கள் பெரும்பாலும் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதுதான். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள். லைன் நெடுகத் தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டினார்கள். போல்ட் சரியாக உட்காரவில்லையா, இழு. பலகையில் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடிவருவார். வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவரை யாரும் ஏசுவதில்லை.

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1986 வாக்கில் கணக்கெடுத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் 100 வண்டிக்கு 130 குறைகள். ஜப்பானில் டொயோட்டாவின் தகாஓகாவில் 45. ஃப்ரீமான்ட்டிலும் 45.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்போம். இங்கே கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ப்ரிஸத்தின் விலை மட்டும் ஏறவில்லை. என்ஜின் டொயோட்டாவினுடையது, கை ஃப்ரீமான்ட்காரர்களுடையது. முன்னால் ஒட்டிய சின்னம்தான் வேறு. பத்து இருபது வருடம் கெட்டுப்போன பேரின் கடனை அது கட்டிக்கொண்டிருந்தது. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. 2010 ஏப்ரலில் நம்மியும் மூடியது. இப்போது அங்கே டெஸ்லா செய்கிறார்கள்.

என் ப்ரிஸம் எட்டு வருடம் ஓடியது. எண்ணெய், பிரேக், டயர் தவிர வேறு செலவு வைத்ததில்லை. விற்கும்போது வாங்க வந்தவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. சின்னத்தைப் பார்த்தார், விலையைக் குறைத்துக் கேட்டார். சாவியைக் கொடுத்தேன்.