மைதான ஓரத்து மௌன மொழி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உதைபந்தாட்டம் எனப்படுவது பிற நாடுகள் அறிந்த உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறாத அணி, பந்தை எதிரணிக்கு இழந்துவிடும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்னும் ஆட்டம் சற்றே நிற்கும். அவ்விடைவேளையில், அடுத்த வியூகம் யாது என்பதைத் தன் அணியின் பதினொருவரும் அறிதல் வேண்டும்; எதிரே நிற்பவருள் ஒருவரும் அறிதலாகாது. இவ்விரு தேவைகளுக்குமிடையே வளர்ந்ததே சைகை மொழி.

இதன் வரலாற்றில் செவிப்புலனற்ற மாணவருக்குத் தனியிடம் உண்டு. வாஷிங்டன் நகரிலுள்ள கலோடெற் கல்லூரி அவர்களுக்கென அமைந்தது. அக்கல்லூரி வீரர் தமக்குள் கைச்சைகையாற் பேசினர். தம்மைப் போன்ற பிற அணிகளுடன் ஆடும்போதோ அம்மொழி இரு சாராருக்கும் விளங்கிற்று. ஆகவே 1890களில், போல் ஹபார்ட் என்ற வீரர் தம் அணியினரை வட்டமாகக் கூட்டி, உடல்களையே மதிலாக்கி, அதனுள்ளே கட்டளையிட்டார் என்பர். அவ்வட்டம் பின்னர் நாடெங்கும் பரவிற்று.

மைதானத்துக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் ஆட்டத்தினிடையே வழிகாட்டுதல் கல்லூரி விதிகளின்படி நெடுங்காலம் குற்றமாயிருந்தது. அத்தடை நீங்கியபின் கட்டளை ஓரத்திலிருந்தே வரலாயிற்று. வேகமாக ஆட விரும்பிய அணிகள் வட்டத்தையும் கைவிட்டன. பலர் வரிசையாக நின்று கைகளை அசைப்பர். அவருள் ஒருவர் காட்டுவதே மெய், ஏனையோர் காட்டுவன பொய். ஒறிகன் பல்கலைக்கழகம் போன்றவை படங்கள் தீட்டிய பெரும் பலகைகளையும் உயர்த்திக் காட்டின.

மறைபொருள் உள்ள இடத்தில் அதனை அறிய முயல்வாரும் உளர். ஆட்டத்தின்போது எதிரணியின் சைகையைக் கண்ணாற் கண்டு பொருளறிதல் விதிக்கு மாறன்று. ஆனால், பின்னர் எதிர்கொள்ளவிருக்கும் அணியின் ஆட்டத்துக்கு முன்கூட்டியே ஆளனுப்பி வேவு பார்த்தலை 1994ஆம் ஆண்டு விதி தடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழக அணி இவ்வாறு செய்ததென்ற குற்றச்சாட்டு 2023 ஒக்ரோபரில் வெளிப்பட்டது. அடுத்த மாதம் அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹாபோ மூன்று ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டார். ஆயினும் 2024 ஜனவரியில் அவ்வணியே நாட்டின் வாகையைச் சூடிற்று. அவ்வெற்றியில் திறமை எவ்வளவு, களவு எவ்வளவு என்ற வழக்கு இரசிகரிடையே ஓயவில்லை.

2024 ஏப்ரலில் மேற்பிரிவு அணிகளுக்குத் தலைக்கவச வானொலி அனுமதிக்கப்பட்டது. களத்தில் நிற்போருள் ஒருவர் மாத்திரமே பயிற்சியாளரின் குரலைக் கேட்கலாம். நேரக்கணிப்பில் பதினைந்து வினாடிகள் எஞ்சும்போது அக்குரலும் அடங்கிவிடும். மற்றப் பதின்மருக்கும் செய்தியைச் சேர்ப்பிக்க இன்னும் கையசைவு வேண்டும். அன்றேல் வட்டம் வேண்டும். கருவி புதிதாயினும், கலோடெற் மாணவர் எதிர்கொண்ட சிக்கல் பழையதாகவே நிற்கின்றது: தன்னவர்க்கு விளங்கும் மொழியைப் பிறர் கண்ணினின்றும் காப்பது எங்ஙனம்?