'சிவிலிட்டி' எப்போது நடத்தையாயிற்று? எலியாஸின் படிவரிசைக்கு ஒரு மறுப்பு

நன்னடத்தையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களின் வரலாற்றில் நோர்பெர்ட் எலியாஸ் 1939-இல் வகுத்த படிவரிசை இன்றும் செல்வாக்கோடு இருக்கிறது. இடைக்காலப் பிரபுக்களின் அவைக்குக் 'கூர்த்துவாசி', முடியரசின் அரசவைக்குச் 'சிவிலித்தே', 18ஆம் நூற்றாண்டுக்குச் 'சிவிலிசாசியோன்' என்று கட்டத்துக்கு ஒரு சொல்லாக அவர் நிறுத்தினார். பிரெஞ்சுச் சான்றுகளைப் பொறுத்தவரை அவர் வாதத்தை அசைப்பது கடினம். பின்வந்தோர் அதே ஏணியை ஆங்கிலத்தின் மீதும் சாய்த்துவிட்டதுதான் சிக்கல்.

எலியாஸின் வாதம் நிற்பது ஒரு சிறு நூலின் மீது. 1530-இல் எராஸ்மஸ் சிறுவர்களுக்காக லத்தீனில் எழுதிய நடத்தை நூலின் தலைப்பிலேயே 'சிவிலிதாஸ்' இருக்கிறது. பழைய சொல் புதிய கூர்மையும் புதிய சமூகப் பணியும் பெற்றது இந்நூலால்தான் என்கிறார் எலியாஸ். 130-க்கும் மேற்பட்ட பதிப்புகளைச் சுட்டுகிறார். இரண்டே ஆண்டுகளில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்ததையும் குறிப்பிடுகிறார். அம்மொழிபெயர்ப்பு என்ன பெயரில் வந்தது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. என் மறுப்பு தொடங்குவது அங்கேதான்.

1532-இல் லண்டனில் விங்கின் டி வோர்ட் அச்சிட்ட அப்பதிப்பை மொழிபெயர்த்தவர் ராபர்ட் விட்டிங்டன். லத்தீன் மூலமும் உடன் அச்சான இருமொழி நூல் அது. முகப்பில் லத்தீன் தலைப்பு 'சிவிலிதாஸ்' என்னும் சொல்லோடு அப்படியே நிற்கிறது. அதனை அடுத்து வரும் ஆங்கிலத் தலைப்போ, 'சிறுவர்க்கான குட் மேனர்ஸ் பற்றிய சின்னஞ்சிறு நூல்' என்கிறது. மூலச்சொல் எதிரிலேயே இருந்தும் அதன் ஆங்கில வடிவத்தை விட்டிங்டன் தலைப்பில் எடுக்கவில்லை.

'சிவிலிட்டி' அப்போது ஆங்கிலத்தில் இல்லாத சொல்லும் அன்று. விக்லிஃப் வழிவந்த விவிலிய மொழிபெயர்ப்பின் இரு வடிவங்களையும் ஒப்பிட்டால் இது தெளியும். அப்போஸ்தலர் பணி 22:28-இல் படைத்தலைவன் தான் பெரும்பணம் கொடுத்துப் பெற்றதாகச் சொல்லும் ரோமக் குடியுரிமை, முந்தைய வடிவத்தில் 'சிவிலிட்டி'; பிந்தைய வடிவத்தில் அது 'ஃப்ரீடம்'. முந்தையதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் 1382 என்ற ஆண்டு உறுதியானதன்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதி என்று கொள்வதே பாதுகாப்பு. ஆக, ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அறியக் கிடைக்கும் பழைய பொருள் குடியுரிமை. அதைத் திருத்தியவர்களுக்கு அந்தச் சொல் அந்நியமாகப் பட்டிருக்கலாம்.

1532-இலும் நடத்தைப் பொருள் அச்சொல்லில் வேரூன்றவில்லை என்பது என் வாசிப்பு. ஒரு தலைப்பை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்ற கேள்வி எழும். 1487-இல் கேக்ஸ்டன் 'குட் மேனர்ஸ் நூல்' என்ற பெயரில் ஒரு பிரெஞ்சு அறநூலின் மொழிபெயர்ப்பை அச்சிட்டார். கேக்ஸ்டனின் அச்சகத்தை ஏற்று நடத்திய டி வோர்ட், விலைபோகும் தலைப்பு என்றே இதனைத் தேர்ந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் என் வாதம் கெடாது. வாங்குபவருக்குப் புரிந்த சொல் 'மேனர்ஸ்' என்பதற்குத்தான் அது சான்றாகும்.

இதற்கு எதிர்முனையில் 1581 நிற்கிறது. ஸ்தெஃபானோ குவாட்ஸோவின் இத்தாலிய உரையாடல் நூலை ஜார்ஜ் பெட்டி பிரெஞ்சு வழியாக ஆங்கிலமாக்கியபோது, தலைப்பிலிருந்த 'சிவில்' என்னும் அடைமொழியை அப்படியே வைத்துக்கொண்டார். விட்டிங்டன் கைவிட்ட சொற்குடும்பம் பெட்டிக்கு உறுத்தவில்லை. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் எங்கோ பொருள் நகர்ந்திருக்கிறது. அன்னா பிரைசன் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, 16ஆம் நூற்றாண்டில் 'கர்ட்டசி'யை விடச் 'சிவிலிட்டி' மேலோங்கியதை விரிவாகக் காட்டுகிறது. மேலோங்கியது என்பதை ஏற்கிறேன். பழையது அகன்றது என்று பொருள்கொள்ள முடியாது. 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய 'கர்ட்டசி' மறையவில்லை. அதன் ஒரு கிளை பெண்கள் முழங்கால் மடக்கிச் செய்யும் வணக்கத்துக்குக் 'கர்ட்ஸி' என்ற தனிச்சொல்லாயிற்று. 'மேனர்ஸ்' இவை எல்லாவற்றுக்கும் அடியில் நீடித்தது.

படிவரிசையின் மூன்றாம் படியும் இங்கிலாந்தில் உறுதியாக இல்லை. 1772 மார்ச் 23 அன்று சாமுவேல் ஜான்சன் தம் அகராதியின் நான்காம் பதிப்பைத் திருத்திக்கொண்டிருந்ததையும், 'சிவிலைசேஷன்' என்ற சொல்லைச் சேர்க்க மறுத்துச் 'சிவிலிட்டி'யே போதும் என்றதையும் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்கிறார். காட்டுமிராண்டி நிலைக்கு எதிர்ச்சொல்லாகப் புதியதே பொருந்தும், ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருப்பதைவிடத் தனித்தனிச் சொல் இருப்பது நல்லது என்பது பாஸ்வெல் கட்சி. ஆக, எலியாஸ் இரண்டு கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பொருள்கள் 1772-இலும் ஜான்சனுக்கு ஒரே சொல்லுக்குள் அடங்கின. 'எட்டிக்கெட்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்ததும் அதே நூற்றாண்டின் நடுவில்தான்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் இன்னொன்றை வெளியேற்றவில்லை. அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்ந்தன. 'சிவிலிட்டி' குடியுரிமையிலிருந்து நடத்தைக்கு எந்தப் பத்தாண்டில் நகர்ந்தது என்பதை இச்சான்றுகளால் தீர்க்க முடியாது. 1532-க்கும் 1581-க்கும் இடைப்பட்ட அச்சு நூல்களின் தலைப்புகளை மட்டுமன்றி உள்ளுரையையும் சொல்வாரியாகத் தேடினால் அந்த இடைவெளி குறுகலாம்.