ஏட்டிலேறிய பழி

அளவைகளைப் பத்தென விரித்து, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் காட்டும் முறை சிவஞானசித்தியார் பயின்ற அன்பர்கட்குப் புதிதன்று. விரித்த பத்தனுள் ஐதிகம் என்பது ஒன்று. இவ்வாலமரத்திற் பேயுண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்லிவர, கண்டவர் யார், கண்டது எப்பொழுது என வினவாது கேட்போர் கொள்ளும் துணிபே ஐதிகம் எனப்படும். ஆன்றோர் இதனைத் தனித்து நிற்கும் அளவையாகக் கொண்டிலர், உரையின்பாற் படுத்தினர். அங்ஙனம் படுத்தவே, உரைத்தவன் உண்மை கண்டவனா, விருப்பு வெறுப்பின்றி உரைத்தானா என்னும் ஆராய்ச்சியும் உடன் வந்துவிடுகின்றது. மாணாக்கர் பலர் இப்பகுதியைத் தருக்கப் பயிற்சிக்கு மட்டும் உரியதென்று விரைந்து கடந்து செல்வர். மடத்தில் எமக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியரோ அவ்வாலமரத்துப் பேயை எளிதில் விடமாட்டார். உலகத்தார் கொண்டிருக்கும் துணிபுகளுட் பாதி அம்மரத்தில்தான் இருக்கின்றன என்பார்.

2018ஆம் ஆண்டு மே மாதத்தில், வடநாட்டினின்று வந்த கூட்டத்தார் பிள்ளைகளைக் கவர்ந்து செல்கின்றனர் என்னும் செய்தி கைபேசி வழியாகத் தமிழ்நாடெங்கும் பரவிற்று. எம் பாலவாக்கத்திலும், அடுத்துள்ள திருவான்மியூரிலும் அச்செய்தி எட்டாத வீடு அந்நாட்களில் அரிது. அப்பொழுது சென்னையினின்று தம் குலதெய்வத்தை வழிபடுதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்ப் பக்கம் சென்ற ஒரு குடும்பத்தார், வழியிற் கண்ட சிறார்க்கு மிட்டாய் கொடுத்தனர். அதுவே குற்றமாயிற்று. ஊரார் சூழ்ந்து அடித்தனர். 65 வயதுடைய மூதாட்டியார் ஒருவர் உயிர் நீத்தார். அடித்தோருள் எவரும் பிள்ளை களவுபோனதைக் கண்டிலர். எல்லாரும் கேட்டிருந்தனர், அவ்வளவே.

அவ்வதந்திக்கு அரச முத்திரை இல்லை. ஆகலின் சில திங்களில் அடங்கிவிட்டது. அரச முத்திரை பெற்ற ஐதிகம் எவ்வளவு காலம் நிற்கும், என்னென்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் தக்கதொரு சான்று உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டம் என்று தமிழ் மக்கள் வழங்கிய அச்சட்டத்தின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தனம்.

ஆங்கில அரசாங்கத்தார் 1871ஆம் ஆண்டில் 27ஆம் எண் சட்டமாக அதனை முதலில் வடநாட்டிற் கொணர்ந்தனர். அதற்குக் கூறப்பட்ட நியாயம் நோக்கத்தக்கது. இந்நாட்டில் தச்சன் மகன் தச்சனாகின்றான், நெய்வோன் மகன் நெய்வோனாகின்றான். அதுபோலக் களவைக் குலத்தொழிலாக உடைய சாதிகளும் இருத்தல் வேண்டும் என்பது. ஒப்பினை அளவையாக ஆளுவோர், ஒப்பிக்கப்படும் இரண்டினையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஈண்டு அறியப்பட்டது ஒன்று; மற்றையது அவ்வொப்பினாலேயே படைத்துக் கொள்ளப்பட்டது. தொடக்கத் தருக்க நூல் கற்றானும் இதனைக் கண்டு நகுவான்.

சட்டத்தின் சொற்களோ இன்னும் வியப்புடையன. ஒரு குலத்தாரோ கூட்டத்தாரோ குற்றம் புரிதலையே வழக்கமாக உடையர் என்று நம்புதற்கு அரசாங்கத்தார்க்குக் காரணம் உளதாயின், அரசிதழில் அறிவித்து அவரைக் குற்றப்பரம்பரையினர் ஆக்கலாம். ஆராய்ந்து துணிதல் வேண்டும் என்பதன்று. நம்புதற்குக் காரணம் போதும். அவ்வறிவிப்புச் சரியா தவறா என எந்த நீதிமன்றமும் வினவுதல் கூடாது எனவும் அச்சட்டமே விலக்கி வைத்தது. மறுக்கவொண்ணாமை வேதாகமங்கட்கே உரியதென நாம் கொண்டிருக்க, அதனை அரசிதழ்த் தாளொன்று எளிதிற் பெற்றுக்கொண்டது.

1911ஆம் ஆண்டில் 3ஆம் எண் சட்டமாகத் திருத்தம்பெற்று அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. இங்கு அரசாங்கத்தார் நம்புதற்குக் காரணமாய் இருந்தவை யாவை? பெரும்பாலும் புத்தகங்களே. மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் வாழும் பிறமலைக் கள்ளர் செய்தியை எடுத்துக்கொள்வோம். 1817ஆம் ஆண்டில் டர்ன்புல் என்பார் மதுரைச் சீமைக் கள்ளரைப்பற்றிக் குறிப்பொன்று எழுதினார். 1868இல் நெல்சன் துரை மதுரை நாட்டைப்பற்றிய தம் பெருநூலில் அக்குலத்தாரை விரிவாக எழுதினார். 1892இல் போலீசு அதிகாரி முல்லாலி, சென்னை மாகாணத்துக் குற்ற வகுப்பினர் என்று ஒரு நூலே வெளியிட்டார். 1906இல் பிரான்சிசு துரை இயற்றிய மதுரை மாவட்டக் கெசட்டியர் வந்தது. 1909இல் எட்கார் தர்ஸ்டன், ரங்காச்சாரியார் துணையோடு தென்னாட்டுச் சாதிகளையும் குலங்களையும்பற்றி ஏழு தொகுதிகளைச் சென்னை அரசாங்க அச்சகத்தினின்று வெளிப்படுத்தினார். கள்ளரைப்பற்றிய அவர் கட்டுரையைத் திறந்து பார்ப்பார்க்கு டர்ன்புல்லும் நெல்சனும் கெசட்டியரும் அடுத்தடுத்து நிற்றல் புலனாகும். முன்னவர் எழுதியதைப் பின்னவர் எடுத்தாள, அதனை மூன்றாமவர் இருவர் கூற்றாகக் காட்ட, ஒரு வாய்ச்சொல் ஐந்து சான்றாகப் பெருகிற்று. ஆலமரம் ஒன்றே, விழுது ஐந்து.

தர்ஸ்டன் துரை எழும்பூர்க் காட்சிச்சாலையின் தலைவராய் இருந்தவர். தலையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் அளக்கும் கருவிகளை வைத்துக்கொண்டு, காட்சிச்சாலைக்கு வந்தவர்களையும் ஊரூராகச் சென்று கண்டவர்களையும் அளந்து எழுதினார். போலீசாருக்கும் அவ்வளவைக் கலையைப் பயிற்றினார். அவருழைப்பை யாம் இகழ்கிலம். மறைந்துபோயிருக்கும் வழக்கங்கள் பல அவர் தொகுதிகளால் இன்று அறியக் கிடக்கின்றன. ஆயினும் மூக்கை அளந்தறிதற்கும் ஒழுக்கத்தை அளந்தறிதற்கும் உள்ள வேறுபாடு அத்தொகுதிகளிற் பல்லிடத்தும் மயங்கிக் கிடக்கின்றது. நீளத்தை எழுதிய கையே, எழுதிய அவ்வமைதியோடே, இவர் திருடர் என்றும் எழுதிச் செல்லும். படிப்பவன் இரண்டனையும் ஒருபடித்தாக அளந்தறிந்த செய்தியென்றே கொள்வான்.

கள்ளர் என்னும் பெயரே சான்றன்றோ என்பர் சிலர். பெயர் சான்றாயின் நம் பெருமானும் தப்பமாட்டான். ஆளுடைய பிள்ளையார் முதற் பதிகத்திலேயே அவனைக் கள்வன் என்றழைத்தார். சங்கச் சான்றோரான மாமூலனார் வேங்கடத்துப் புல்லியைக் கள்வர் தலைவனாகவே பாடினார், பாடியது இகழ்ந்தன்று. அப்பெயர்க்கும் இக்குலத்தார்க்கும் உள்ள தொடர்பு ஆராய்ச்சிக்குரியது. சொல்லின் பொருள் காலந்தோறும் திரிவது இலக்கணம் வல்லார் அறிந்ததே.

ஈண்டு ஒரு பழஞ்செய்தியை நினைவூட்டுதல் தகும். 1755ஆம் ஆண்டில் கும்பினியாரின் தளபதி எரோன் என்பவன் மதுரைச் சீமையிற் படை நடத்தி வந்தான். கோயிற்குடி என்னுமிடத்துக் கோயிலிற் புகுந்து, அவன் படையினர் திருமேனிகளைக் கவர்ந்துகொண்டு, மீட்க வேண்டின் பொருள் தருக என்றனர். அவ்வூர் திருமோகூர் என்பர் ஆராய்ச்சியாளர். படை திரும்புகையில் நத்தம் கணவாயிற் கள்ளர் அதனை மறித்துப் போர் புரிந்து, தம் தெய்வத் திருமேனிகளைக் கண்டு, சாமி சாமி என்று ஆரவாரித்து மீட்டுக்கொண்டனர். இச்செய்தியை எழுதிவைத்தவர் நம்மவரல்லர். கும்பினியாரின் வரலாற்றாசிரியர் ஆர்ம் என்பவரே. எரோன் பின்னர்ப் படைத்துறை விசாரணைக்கு உட்பட்டுப் பதவி இழந்தான். சாமியைத் திருடியவர் யாவர், மீட்டவர் யாவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் குற்றப்பரம்பரை என்னும் பெயர் எக்குலத்தார்மேல் வந்தமைந்தது என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

அக்குலத்தாருட் களவே நிகழ்ந்ததில்லை என வாதிப்பது எம் கருத்தன்று. மாடு களவு போவதும், துப்புக்கூலி கொடுத்து மீட்பதும் மதுரைச் சீமையில் நடந்தவையே. காவற்கூலியின் பொருட்டுக் குடிகள் துன்புற்று 1896ஆம் ஆண்டளவிற் கள்ளர்க்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததும் உண்மை. ஆனால் அதன் முன்கதையையும் உடன் சொல்லுதல் வேண்டும். பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவல் அக்குலத்தார்க்கு உரிமைத் தொழிலாய் இருந்தது. கும்பினியார் அக்காவல் முறையை ஒழித்துத் தம் போலீசை வைத்தனர். வயலும் வளமும் குறைந்த புன்செய் நிலத்திற் காவலும் போன பின்னர் அவர் என் செய்வர் என்பதை ஏடெழுதியோர் ஆராய்ந்திலர். சிலர் செய்த குற்றத்தைக் கருவிலிருக்கும் குழவிக்கும் ஏற்றி எழுதினர். இருவினைப் பயன் அவ்வவ்வுயிரைச் சார்வதன்றிக் குலத்தைச் சார்வதன்றெனக் கொள்ளும் சைவர்க்கு இஃது எத்துணை முரண் என்பது விரிக்க வேண்டாதது.

1914ஆம் ஆண்டிற் கீழக்குயில்குடியார் முதற்கண் சட்டத்துக்கு உட்படுத்தப்பெற்றனர். 1918இற் பிறமலைக் கள்ளர் அனைவரும் உட்பட்டனர். ஆடவர் யாவரும் பத்து விரலின் இரேகையும் பதித்தல் வேண்டும். அதனாற் சனங்கள் இதனைக் கைரேகைச் சட்டம் என்றனர். இரவுதோறும் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ பெயர் கொடுத்துப் படுத்துறங்குதல் வேண்டும். வெளியூரில் இரவு தங்க நேரின் ராத்திரிச் சீட்டு வேண்டும். மணம் முடிந்த இரவாயினும் விலக்கில்லை. உழவன் நீர் பாய்ச்ச வேண்டிய இரவாயினும் விலக்கில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரார் இரேகை பதிக்க மறுத்தனர். போலீசார் சுட்டனர். 16 பேர் மடிந்தனர். வீழ்ந்தவர்க்குத் தண்ணீர் கொடுக்கச் சென்ற மாயக்காள் என்னும் அம்மையாரும் அவருள் ஒருவர். அம்மக்கட்காக வாதாட முன்வந்தவர் மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப். கேரள நாட்டுக் கிறித்தவர். அவரை அன்பால் ரோசாப்பூ துரை என்று அழைத்த அக்குலத்தார் தம் பிள்ளைகட்கும் அப்பெயரை இட்டு வழங்கினர்.

இனி, இச்சட்டத்தின் உட்கிடையான பெருங்குற்றத்தை நோக்குவோம். சீட்டின்றி இரவில் ஊர் கடந்தவன், சாவடிக்கு ஒருநாள் வாராதவன், இவர்கட்குத் தண்டனை உண்டு. அத்தண்டனைகள் ஆண்டறிக்கையில் எண்ணாக ஏறும். எண் பெருகுதலைக் காட்டி, இக்குலத்தார் குற்றம் புரிவோரே என்று மேலதிகாரி துணிவார். அத்துணிபைக் காட்டிச் சட்டம் நீட்டிக்கப்படும். சட்டம் வந்தது குற்றத்தால். குற்றம் வந்தது சட்டத்தால். வடநூலார் அன்னியோன்னியாச்சிரயம் என்று பெயரிட்டு விலக்கிய குற்றத்திற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு யாம் கண்டிலேம். காட்சி வழியாகவே கண்டறிந்தோம் என்று அதிகாரிகள் சொன்னது பொய்யன்று. தாம் வரைந்த ஓவியத்தையே அவர்கள் மீண்டும் கண்டனர்.

குறவர் செய்தி இதனினும் நம் நெஞ்சைத் தைக்கவேண்டும். முருகப்பெருமான் வலியச் சென்று மணந்த வள்ளியம்மையார் குறவர் குடியில் வளர்ந்தவர். வள்ளி திருமணம் நிகழாத முருகன் கோயில் உண்டோ? அக்குறவர் அரசாங்கப் பட்டியலிற் குற்றப்பரம்பரையினர். அவர்கட்கென்று வேலியிட்ட குடியிருப்புகளும் ஏற்பட்டன. ஆந்திர நாட்டு ஸ்டூவர்ட்டுபுரம் அவ்வாறு எருகலர் எனப்படும் அக்குலத்தார்க்கென அமைந்ததே. ஓர் அதிகாரியின் பெயரால் அமைந்த அவ்வூர்ப் பெயர் பின்னர்த் தெலுங்கு நாட்டில் திருடரைச் சுட்டும் சொல்லாகவே வழங்கலாயிற்று. கந்தபுராணம் படித்துக் கண்ணீர் வடித்த சைவப் பெருமக்களுள், போலீசு ஏடு சரியா என்று வினவியவர் மிகச் சிலர். திருமுருகன்பூண்டியில் நம்பியாரூரரிடம் பொருள் பறித்தவர் வேடுவர் வடிவங்கொண்ட பூதகணத்தார் என்று சேக்கிழார் பெருமான் காட்டியிருக்கவும், வேடுவர் வடிவு கண்ட அளவிலே கைப்பையை இறுகப் பற்றும் வழக்கம் நம்மை விட்டு நீங்கிற்றில்லை. திருவான்மியூர்ச் சந்நிதித் தெருவில் ஊசியும் பாசியும் விற்போர் வருங்கால் இதனை நாள்தோறும் காணலாம். அவ்வச்சத்தை நமக்குத் தந்தது நம் நூல்களல்ல.

சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாளிலும் அச்சட்டம் நீக்கப்பெற்றது. முன்னர்ப் பட்டியலில் இருந்த குலத்தார் தமிழ்நாட்டிற் சீர்மரபினர் எனப்பட்டனர். பெயர் நன்று. ஆயினும் 1993ஆம் ஆண்டில், தென்னார்க்காட்டுச் சிற்றூரொன்றில் நகை களவுபோயிற்று என்ற அளவில், போலீசார் குறவர் குடியினர் ஒருவரைப் பிடித்துச் சென்றனர். அவர் காவலில் இறந்தார். மனைவியார் விடாது வழக்காட, 2006ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் போலீசாரதே எனத் தீர்ப்பளித்தது. 2021இல் இச்செய்தியை ஜெய் பீம் என்னும் திரைப்படமாக எடுத்துப் பலரும் கண்டு உருகினர். படத்தில் அவரை இருளராகக் காட்டினர். கலைக்குரிய காரணங்கள் அவர்க்கு இருக்கலாம். இருளரும் அத்தகைய துன்பம் உற்றவரே. எனினும் திருடர் பட்டியலில் நூறாண்டு பெயர் எழுதப்பெற்ற குலத்தாரின் பெயர், அவர் குற்றமின்மை உலகறியச் சொல்லப்பட்ட கதையில் இல்லை.