கார்ப் பந்தய ரசிகர்களும் இணைய வசையும்

தமிழ்நாட்டில் கார், பைக் பந்தயங்களுக்கென்று ஒரு ரசிகர் கூட்டம் திரண்ட இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்றுதான் அங்கே பந்தயத் தடமானது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கு பந்தயங்களை நடத்தியது. வந்தவர்கள் வண்டியைக் கிட்டத்தில் நின்று பார்த்தார்கள். தோற்றவரின் முகத்தையும் பார்த்தார்கள். வாக்குவாதம் எழுந்தாலும் அது ஆளுக்கு ஆள் நேரில் நடந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கினார். இந்தியர் ஒருவர் அங்கே ஓட்டியது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் மிஷ்லின் டயர் பூட்டிய 14 கார்களும் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு கார்தானே என்று அதை இன்றும் இளக்காரம் செய்பவர்கள் உண்டு. மற்ற 14 கார்கள் விலகியது அவர் செய்த தவறல்ல.

2012 மார்ச்சில் மலேசியப் பந்தயத்தில் வேறு வகைச் சோதனை வந்தது. மெதுவான எச்ஆர்டி காரில் இருந்த நரேனை செபாஸ்டியன் வெட்டல் கடந்து சென்றபோது, வெட்டலின் இடது பின்சக்கர டயர் நரேனின் கார் முன் இறக்கையில் பட்டுக் கிழிந்தது. நான்காம் இடத்தில் இருந்த உலகச் சாம்பியன் 11ஆம் இடத்துக்குப் போனார். நரேனுக்கு 20 விநாடி தண்டம் விதிக்கப்பட்டது. வெட்டல் அவரை வெள்ளரிக்காய் என்று ஏசியது உலகச் செய்தியானது. நடுவர்களின் தீர்ப்பு அன்றே முடிந்துவிட்டது. இணையத்தில் பழி நீண்டது.

அடுத்த பத்தாண்டில் இது மிரட்டலாக முற்றியது. 2021 டிசம்பரில் அபுதாபிப் பந்தயத்தில் ஓட்டுநர் நிக்கோலஸ் லத்திஃபி தடுப்பில் மோதினார். அதனால் வந்த பாதுகாப்புக் கார் சாம்பியன் பட்டத்தையே திசை மாற்றியது. பட்டப்போட்டியில் சம்பந்தமே இல்லாத அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. லண்டனில் மெய்க்காவலர் வைத்துக்கொள்ள நேர்ந்தது. 2022 அமெரிக்கப் பந்தயத்துக்குப் பின் நடுவர் சில்வியா பெயோத்தும் கொலை மிரட்டலுக்கு ஆளானார். ஓட்டுநர் மட்டுமல்ல, விதியைச் செயல்படுத்துபவரும் அஞ்ச வேண்டிய நிலை. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ 2023இல் இணைய வசைக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது.

சென்னையில் வசை வேறு வாசல் வழியாக நுழைந்தது. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் நடக்கவிருந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் நடந்தது. அரசுப் பணத்தில் கார்ப் பந்தயமா என்று கேட்டது நியாயமான கேள்வி. அது உயர்நீதிமன்றம் வரை போய் அனுமதியும் கிடைத்தது. ஆனால் இணையத்தில் அந்தக் கேள்வி கட்சிச் சண்டையாகிப்போனது. அதில் அதிகம் அடிபட்டது பந்தயம்தான்: ஃபார்முலா 4 என்றால் என்ன, வளரும் ஓட்டுநருக்கு அது ஏன் முக்கியம் என்ற பேச்சு கேலிப் படங்களுக்கு அடியில் புதைந்தது.

இன்னொரு வாசல் சினிமா. நடிகர் அஜித்குமார் 2010இல் ஐரோப்பிய ஃபார்முலா 2 வரை ஓட்டியவர். 2011இலேயே தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தவர். 2024 டிசம்பரில், பொது இடங்களில் தம் பெயரைக் கடவுளோடு சேர்த்துக் கோஷமிட வேண்டாம் என்று அறிக்கை விட்டார். அடுத்த மாதம் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய கார் பெரும் விபத்துக்குள்ளானது. அவர் காயமின்றித் தப்பினார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அந்த வேளையில் அளித்த பேட்டியில், நடிகர்களுக்காக இணையத்தில் சண்டை போடுபவர்கள் முதலில் தங்கள் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அவரால் பல இளைஞர்கள் முதன்முறையாகப் பந்தயம் பார்க்க வந்தார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் படப் போட்டியின் பகையையும் அவர்களில் சிலர் கூடவே கொண்டுவந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் பந்தயங்கள் தொடர்ந்து நடக்கின்றன. ரசிகர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கே ஓட்டுபவர்களின் பெயர்களைத்தான்.