பசுமலைப் பந்தி

அருப்புக்கோட்டைக்கு வடக்கே, திருமங்கலத்தில் 1842-ல் அமெரிக்க மதுரை மிஷன் ஒரு விடுதிப் பள்ளி ஆரம்பித்தது. கரிசல்காட்டுக் கிராமங்களில் எழுத்துச் சொல்லித்தர ஆள் வேண்டுமே! 1845-ல் பள்ளி பசுமலைக்கு மாறியது.

வேதாகமம், கணக்கு எல்லாம் சரி. சோத்துப் பந்தியில்தான் சிக்கல். ஞானஸ்நானம் வாங்கியும் சாதி விடவில்லை பாருங்கள்.

1847-ல் மிஷன் கறாராகச் சொல்லிவிட்டது: சேர்ந்து சாப்பிட்டால்தான் வேலை, படிப்பு. அவ்வளவுதான். உபதேசிமார் பலர், மாணவர் பலர் மூட்டை கட்டினார்கள். பாதிரிமார் இறங்கி வரவில்லை. வாத்தியார் போன கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் பணிந்துபோயிருந்தால் அந்தப் பள்ளிக்கு என்ன வேலை?

அதே மிஷனின் மதுரை உயர்நிலைப் பள்ளியில்தான், 1896-ல் அண்ணாமலைக்குக் கிளம்பும்வரை, திருச்சுழி வேங்கடராமன் படித்தார். ஆமாம், நம்ம ரமணர்தான்.