மதாம் இஸட் குடும்பம்: ப்ரோகாவின் வம்ச அட்டவணை பற்றி ஒரு மறு ஆராய்ச்சி

மார்பகப் புற்றுநோய் வம்சவழியாக வரக்கூடும் என்னும் கொள்கையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும், ஒமாஹா நகரத்துப் பேராசிரியர் ஹென்றி லிஞ்ச் வகுத்த வழியையே பின்பற்றி, பாரிஸ் நகரத்து ரணசிகிச்சை நிபுணர் பால் ப்ரோகா கட்டிகளைப் பற்றி 1866-ல் வெளியிட்ட பெருநூலில் உள்ள ஒரு குடும்ப வரலாற்றிலே தொடங்கி, 1990-ல் மேரி-கிளேர் கிங் பதினேழாவது குரோமோசோமில் கண்டறிந்த இடம் வரை நேர்க்கோடு ஒன்றை இழுத்துவிடுகின்றனர். புற்றுநோயாளியை அவருடைய குடும்பத்தோடு சேர்த்தே ஆராய வேண்டுமென்று, கேட்பார் அரிதாயிருந்த காலத்தில் வாதாடிய லிஞ்ச், தமக்கொரு முன்னோரைத் தேடியது இயல்பே. அவரிடம் நாம் பட்டிருக்கும் கடனும் பெரிது. ஆயினும் ப்ரோகாவை இன்றைய மரபணு ஆராய்ச்சியின் மூலபுருஷராக வைக்கும் அவரது வாசிப்பு எனக்கு உடன்பாடன்று. மெண்டலின் பட்டாணிச் செடிக் கட்டுரை அச்சேறியதும் அதே 1866-ல்தான். அதன் பொருளை உலகம் உணர்ந்ததோ 1900-ல். ப்ரோகாவுக்குப் பரம்பரை என்பது தேகவாகு. தனித்தனியே பிரிந்து இறங்கும் ஒரு கூறு அன்று.

அட்டவணையையே பார்ப்போம். பெயர்களை மறைத்து எழுத்துகளால் குறிக்கப்பட்ட அக்குடும்பத்தின் தலைவி மதாம் இஸட், 1788-ல் தமது 60-ஆம் வயதில் மார்பகப் புற்றுநோயால் மாண்டார். அவருடைய வழியில் வந்த 24 பெண்களில் 10 பேர் அதே நோயால் இறந்தனர். என் கவனம் நிலைகொள்வது இந்தத் தொகையிலன்று, நான்கு புதல்வியரின் மரணக் குறிப்பில். இருவருக்கு மார்பகப் புற்று; 1805-ல் 43 வயதிலும் 1820-ல் 62 வயதிலும் இறந்த மற்ற இருவருக்கும் ஈரற் புற்று என்றே எழுதியிருக்கிறது. திசுவை நுண்பெருக்கியில் வைத்துப் புற்றின் வகையை நிர்ணயிக்கும் வழக்கம் தோன்றுமுன் இறந்தவர்கள் அவர்கள். அக்காலத்து வைத்தியருக்கு வயிற்றின் வலப்புறத்தில் கைக்குத் தட்டிய வீக்கமும் கண்ணின் மஞ்சளுமே சாட்சி. மார்பிலோ கருப்பையின் பக்கத்துச் சினையகத்திலோ பிறந்த புற்று ஈரலிற் சென்று படிவது மிகவும் சகஜம். புற்று இரத்தக் குழாய் வழியே பரவுமென்பதை ப்ரோகாவே முன்னர் எழுதியிருந்தும், அந்த இரண்டு குறிப்புகளை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

மார்பும் சினையகமும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து நோயுறுவதை 1971-ல் எடுத்துக் காட்டியவர்கள் லிஞ்சும் அவருடைய சகாவான ஆன் க்ரஷுமே. அந்த வெளிச்சத்தில், 43 வயதில் மாண்ட புதல்வியின் ஈரல் நோய் வேறிடத்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடும் என்று நான் வற்புறுத்துவேன். ஆதாரம் மெலிந்ததுதான், ஆனால் அதை ஈரலிலேயே பிறந்த தனி நோய் என்பதற்கு இதைவிட மெலிந்த ஆதாரமே உண்டு.

என் முக்கியமான ஆட்சேபம் வேறு. இத்தனை மரணங்களும் தற்செயல் அல்ல என்று நிறுவுவதே ப்ரோகாவின் நோக்கம். 'என் தாய்க்கு நோய் வந்தது, எனக்கு எவ்வளவு அபாயம்?' என்று ஒருத்தி கேட்டால், வியக்கத்தக்கது என்பதற்காகவே பொறுக்கியெடுத்த ஒரு குடும்பம் அதற்கு விடை தராது. நோயுற்றோரின் உறவினரை மற்ற ஜனங்களோடு ஒப்பிட வேண்டும். 1926-ல் ஜேனட் லேன்-க்ளேபன் 500 நோயாளிகளுக்கு எதிரே நோயற்ற 500 பெண்களை நிறுத்தி ஆராய்ந்த முறையும், 1948-ல் பென்ரோஸ் குழுவினர் நோயாளிகளின் உறவினரை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் இந்தக் கேள்வியின் வம்சத்தைச் சேர்ந்தவை. ப்ரோகாவின் வழித்தோன்றல்கள் அல்ல. நடுவே 1936-ல் பிட்னர், எலிகளில் பரம்பரை நோயென்று கருதப்பட்ட மார்பகப் புற்று தாய்ப்பாலின் வழியே குட்டிக்குச் செல்வதைக் காட்டினார். நேர்க்கோடு இழுப்போர் இவரைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர். தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதெல்லாம் வித்தின் வழியே செல்வதில்லை என்னும் நியாயமான சந்தேகம் அன்று எத்தனை பலமாயிருந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

கிங் ஆராய்ந்தவை 23 குடும்பங்கள். இளவயதிலேயே நோய்கண்ட குடும்பங்களைத் தனியே பிரித்த பின்னரே பதினேழாவது குரோமோசோமோடு நோய்க்குள்ள தொடர்பு துலங்கிற்று. அவ்விடத்திலுள்ள பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 1994-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் பழுதுடைய பெண்ணுக்கு 80 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 72 என்று 2017-ல் மதிப்பிட்டனர். சாதாரணக் குடும்பங்களின் கணக்கோ வேறு. நோயுற்ற 58,209 பெண்களைத் திரட்டி 2001-ல் வெளிவந்த ஆய்வின்படி, தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு நோயிருந்தால் அபாயம் 1.80 மடங்கு, இருவருக்கெனில் 2.93 மடங்கு, நோயுற்ற ஒன்பது பெண்களில் எட்டுப் பேருக்கு அத்தகைய உறவினர் ஒருவருமே இல்லை. இவ்விரண்டு கணக்குகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெவ்வேறு பெண்களைப் பற்றியவை. மதாம் இஸட்டை எல்லாப் பெண்களுக்கும் உதாரணமாக நிறுத்தும்போது, ஒருத்தி காரணமின்றி அஞ்சுகிறாள். மற்றொருத்தி, பழுது தந்தை வழியாகவும் சமமாக இறங்கும் என்பதை அறியாது, தந்தையின் சகோதரிகளைக் கணக்கிலே சேர்க்காமல் விடுகிறாள்.

அக்குடும்பம் ப்ரோகாவின் மனைவி அடேல் லுகோலினுடையது என்பது பரவலாக வழங்கும் செய்தி. அது மெய்யாயின், 1857-ல் மணம் புரிந்த அவர் தம் குழந்தைகளின் அபாயத்தையும் எண்ணியே அட்டவணையை வரைந்திருப்பார். என் வாதத்தின் ஒரு பகுதி அப்போது தளரும். எழுத்துகளை மட்டும் வைத்து அதை நிறுவ இயலாது. அக்குடும்பத்திலிருந்த பழுது எந்த மரபணுவுக்குரியது என்பதையும் அவ்வாறே.