ஒட்டகத் தடத்தில் பள்ளிவாசல்கள்

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைக் காணச் செல்வோரை வழிகாட்டிகள் தவறாமல் ஆற்றுக் கணவாய்களுக்கு அழைத்துச் செல்வர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் தெற்கு வாயிலாக விளங்கும் ஹெவிட்ரீ கணவாய் அவற்றுள் ஒன்று. டாட் ஆறு மெக்டானல் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வெளியேறும் இடம் அது. ஆண்டின் பெரும்பகுதி அவ்வாற்றில் மணலையே காணலாம். அர்ரெர்ண்டே என்னும் பழங்குடி மக்களின் தொன்னிலமாகிய அங்கே, 1871இல் தந்திக் கம்பிக்கு வழி தேடியவர்கள் இக்கணவாயைக் கண்டனர். இருப்புப்பாதை வந்தது 1929இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வூருக்கு மாவும் துணியும் மருந்தும் சுமந்து வந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்டி வந்தோருள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காக இந்தியாவிலிருந்து 24 ஒட்டகங்கள் கொண்டுவரப்பட்டன. 1866இல் தாமஸ் எல்டர் என்னும் செல்வர் நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஓட்டுநர்களையும் போர்ட் அகஸ்டா துறைமுகத்தில் இறக்கினார். காபூல், பெஷாவர், பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப் எனப் பல நிலங்களிலிருந்து வந்த இவர்களை வெள்ளையர் ‘ஆப்கானியர்’ என்ற ஒரே பெயரால் அழைத்தனர். 1872இல் நிறைவுற்ற ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் தந்திப் பாதையின் பணியிலும் இவர்தம் உழைப்பு உண்டு.

சென்ற இடமெல்லாம் இவர்கள் தொழுகைக்கு இடம் கண்டனர். மாரீ என்னும் பாலையூரில் மண்சுவரும் கூரை வேய்ந்த மேற்பகுதியுமாகப் பள்ளிவாசல் எழுந்தது. அதனருகே பேரீச்ச மரங்களும் வளர்ந்தன. சுரங்க நகரமாகிய புரோக்கன் ஹில்லில் தகரத்தால் ஒரு சிறு பள்ளி கட்டினர். 1888-89இல் அடிலெய்டு நகரில் எழுந்த பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது.

எனினும் நாட்டைத் திறந்துவிட்டவர்களுக்கு அந்நாடு தன் கதவைத் திறக்கவில்லை. மாரீயில் இருப்புப்பாதையின் ஒருபுறம் வெள்ளையர் வாழ்ந்தனர். ஆப்கானியரும் பழங்குடியினரும் மறுபுறம் வாழ்ந்தனர். 1901ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர் வருகையைத் தடுத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது. மோட்டார் வண்டிகள் வந்ததும் ஒட்டகத்துக்கு வேலை இல்லாது போயிற்று. உரிமக் குறியின்றித் திரியும் ஒட்டகங்களைக் கொல்ல, தென் ஆஸ்திரேலியா 1925இல் சட்டம் இயற்றியது. தம்மோடு பசியும் தாகமும் பகிர்ந்த விலங்கைக் கொல்ல மனமில்லாத பலர் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே மந்தை மந்தையாய்த் திரிகின்றன.

1896இல் கால்வர்ட் ஆய்வுப் பயணத்தின் ஒட்டகங்களைக் கொடும்பாலையில் காத்தவர் பெஜா தர்வேஷ். தலைவர் வெல்ஸ் தம் திசைகாட்டியையே அவருக்குப் பரிசளித்தார். அவர் 1957இல் காலமானார். அல்லாஹ் அன்னாரின் கபரை ஒளிமயமாக்குவானாக!

நம் நெஞ்சை உறுத்தும் செய்தி மற்றொன்று. புரோக்கன் ஹில் பள்ளி இன்று அருங்காட்சியகம். அங்கிருந்த பெரிய நூலொன்று திருக்குர்ஆன் என்றே நெடுநாள் கருதப்பட்டு வந்தது. சாமியா காத்தூன் என்னும் வரலாற்றாய்வாளர் அதைத் திறந்து பார்த்தபோது, அது வங்கமொழிச் செய்யுளில் அமைந்த ‘கஸஸுல் அன்பியா’ எனக் கண்டார். 2018இல் வெளியான தம் நூலில் அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். கல்கத்தாவில் அச்சாகிக் கடல் கடந்து பாலைவரை வந்த நபிமார் வரலாறு அது! வாசிக்கத் தெரிந்தவர்கள் மறைந்த பின், அந்நூல் தன் பெயரையே இழந்து கிடந்தது.

கஸஸுல் அன்பியா நம் பாட்டிமாரும் அறிந்த பெயர்தான். நம் வீட்டுப் பேழைகளில் உறங்கும் அரபுத்தமிழ் ஏடுகளை வாசிக்க வல்லோரும் அருகியே வருகின்றனர். தொலைதூரப் பாலையில் ஒரு நூலுக்கு நேர்ந்தது நம் இல்லங்களில் நேராதிருக்க வேண்டுமாயின், அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே பிள்ளைகளை அவர்களருகே அமர்த்துவோமாக.